அம்மாவின் பச்சை வட்டம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் ரவியும் பேசிவிட்டுப் போனதிலிருந்து கூடத்து நாற்காலிகளை நான் நகர்த்தவில்லை. ஒன்று நீ உட்கார்ந்தது. ஒன்று ரவி உட்கார்ந்தது. மூன்றாவது அம்மாவுடையது, அதில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் பேச்சு முழுவதும் அதைப் பார்த்துத்தான் நடந்தது. சிங்கப்பூர் வேலையை விடப்போவதாகச் சொன்னாய். வருகிற மாதம் ராஜினாமா. அம்மா செய்த அந்தச் சத்துப்பான வியாபாரத்தில் அவள் இடத்தை உன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதையே முழுநேரமாகச் செய்யப்போகிறாய். "அம்மா கட்டுனது, அப்பா. சும்மா விட்டா வேஸ்ட்லா," என்றாய். நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். எனக்கு நேரில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும் இடத்தில் போடுவதற்குக் காரணம், உன் வயதுப் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் இதே நாற்காலிகள் இருக்கின்றன என்பதுதான். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவள் பெயர் போன வாரம் வரை பச்சையாக இருந்தது. ஏன் என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காதது எனக்கு ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் பயம்.

இந்த வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனியின் செயலியைத் திறந்தால் ஒரு மரம் தெரியும், தலைகீழாக. உச்சியில் நீ. உனக்குக் கீழே இடதுபுறம் ஒரு வட்டம், வலதுபுறம் ஒரு வட்டம். அவை ஒவ்வொன்றின் கீழும் இரண்டிரண்டு. ஒவ்வொரு வட்டமும் ஒரு மனிதர். இந்த மாதம் தனக்கென்று ஒரு பெட்டி வாங்கியவர் பச்சை. வாங்காதவர் சாம்பல் நிறம். அந்த மரத்துக்கு உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்ற கணக்கு கிடையாது. வாங்கினாரா, இல்லையா. அது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

அம்மா போனது ஒரு மாதக்கடைசியில். மாதக்கடைசி நம் வீட்டில் எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், போனும் கையுமாக நடந்துகொண்டே இருப்பாள். இன்னும் இரண்டு பேர் எடுக்கவில்லை, இன்னும் ஒருவர் எடுக்கவில்லை. அந்த நாளிலும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே கூடாரம் போட்டிருந்தார்கள். கூடத்தில் அவள் படுத்திருந்தாள். போன் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்து நடுங்கியது. எடுத்துப் பார்த்தேன். இந்த மாதத் தகுதி இன்னும் பூர்த்தியாகவில்லை, சேர்த்த புள்ளிகள் அழிந்துவிடும் என்று கம்பெனியின் அறிவிப்பு. நீ வாசலில் யாரையோ கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். நான் சமையலறைக் கதவோரம் நின்று அவளுக்கு ஒரு பெட்டி வாங்கினேன். ரகசிய எண் நீ பிறந்த வருடம். வட்டம் பச்சையானது. அவள் சேர்த்தது எதுவும் அன்று அழியக்கூடாது என்று தோன்றியது. அதற்குமேல் யோசித்த நினைவு இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, அம்மாவை இந்த வியாபாரத்தில் சேர்த்த ரவி வந்திருந்தான். சாப்பிட்டு முடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். காரிய அழைப்பிதழைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பேனாவால் வட்டங்கள் போட்டான். "அண்ணே, மனுசங்க போவாங்க. எடம் நிக்கும். தம்பி வந்து உக்கார்ற வரைக்கும் அக்காவ பச்சையா வச்சிருங்க." அட்டையின் மறுபக்கத்தில் அவள் படம் இருந்தது. மை ஊறி, அவள் நெற்றிக்கு மேல் ஒரு வட்டம் லேசாகத் தெரிந்தது.

நான் வைத்திருந்தேன். மாதாமாதம்.

ஆய்வகத்தில் வேலை பார்த்தே வயதானவன் நான். ஒரு முடிவு சந்தேகமாக இருந்தால் மறுபடி சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் மாதாமாதம் நான் எதற்குக் கட்டுகிறேன் என்று ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. நீ வந்துபோன பிறகுதான் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். உனக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன். ரவி வரைந்து காட்டும் வேகத்தில் அல்ல, மெதுவாக.

காசு வரும் வழிகள் மூன்று. முதலாவது, உறுப்பினர் விலைக்கு வாங்கி வெளியாளுக்குக் கூடுதல் விலைக்கு விற்பது. இது கடைக்காரன் செய்வது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது, புதிதாக ஒருவரைச் சேர்த்தால், அவர் கட்டும் சேர்க்கைத் தொகையில் ஒரு பங்கு. மூன்றாவதுதான் மேடையில் பேசப்படுவது. ஜோடி. உன் இடது பக்கம் முழுவதும் சேர்ந்து பத்துப் பெட்டி வாங்கியது, வலது பக்கம் இரண்டு வாங்கியது என்று வைத்துக்கொள். கம்பெனி பன்னிரண்டுக்குக் கொடுக்காது. பத்துக்கும் கொடுக்காது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஆக இரண்டு ஜோடி. அதற்குத்தான் கமிஷன். எந்தப் பக்கம் நோஞ்சானோ அந்தப் பக்கத்தை வைத்துத்தான் உன் வருமானம். மீதி எட்டும் புள்ளிகளாகக் காத்திருக்கும். மாதம் முடிவதற்குள் நீ உன் சொந்தப் பெட்டியை வாங்கியிருந்தால் அது அடுத்த மாதத்துக்கு வரும். வாங்கவில்லையென்றால் எட்டும் அழியும்.

இப்போது புரிகிறதா, அம்மா ஏன் நடந்துகொண்டே இருந்தாள் என்று. ஒரு பக்கம் எப்போதும் கூடுதல். ஒரு பக்கம் எப்போதும் குறைச்சல். குறைந்த பக்கத்தில் ஆள் சேர்த்தால் அது ஏறிவிடும், மற்றது இறங்கிவிடும். அந்த மரத்தில் அவள் நிம்மதியாக உட்கார ஒரு கிளைகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒரு விதி. வாங்குவதற்கு முதலில் வாங்கு. சம்பளம் கைக்கு வர, முதலில் நீ கட்ட வேண்டும்.

என் பாட்டனார் காலத்தில் ரப்பர் தோட்டத்துக் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. அவர் கூட்டிவந்த ஆள்களில் விடிகாலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும் வரிசையில், நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு ஒரு சிறு காசு. அதனால் காய்ச்சலில் கிடப்பவனையும் அவர் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்துவாராம். இதை நான் ஏன் நினைக்கிறேன் என்று உனக்குப் புரியும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே பெரட்டில் நின்றவன் அன்றைய கூலியை வாங்கினான். இங்கே நிற்பவன் கட்டுகிறான். அங்கே செத்தவனை நிறுத்த முடியாது. இங்கே முடியும். இரண்டு வருடமாக நான் நிறுத்தியிருந்தேன்.

அம்மாவை ஏமாந்தவள் என்று நான் சொல்லவரவில்லை. ஈப்போவில் அந்த ஹோட்டல் மண்டபத்தில் அவள் மேடையேறியது உனக்கு நினைவிருக்கும். அடர்பச்சைப் பட்டு. நீ பள்ளிச் சட்டையோடு முன்வரிசையில் நின்று கைதட்டினாய். அவள் தோளில் ஒரு சின்ன ஊசிப் பதக்கம் குத்தினார்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எஸ்டேட்ல பொறந்தேன். என்னைய யாரும் பேசச் சொன்னதே இல்ல," என்றாள். மண்டபம் எழுந்து நின்றது. அவர்கள் கொடுத்த கமிஷன்களில் அது ஒன்றுதான் உண்மையானது என்று இப்போது நினைக்கிறேன். அதை என்னால் கொடுக்க முடிந்திருக்கும். வீட்டில் ஒலிவாங்கி தேவைப்பட்டிருக்காது.

கோலா கங்சார் கல்யாணமும் நினைவுக்கு வருகிறது. அவள் போய் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு. ஒருவர் பிள்ளையைத் தேடிக்கொண்டு. அவள் ஒன்றும் விற்கவரவில்லை, சாப்பிட வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பத்துப் பேருக்கான மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "நல்லது, நெறயா இருக்கு, சாப்புடுங்க," என்று எனக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். மரத்தில் வட்டங்கள் கூடக்கூட, மேசையில் ஆள் குறைந்தது. இதை எந்த மேடையிலும் வரைந்து காட்ட மாட்டார்கள்.

சரி. சரோ அத்தை இருக்கும் சிலிம் ரிவருக்கு வருகிறேன்.

கிளம்பும்போது நீ சொன்னாய்: "சரோ அத்தைகிட்ட மட்டும் ஒரு வார்த்த பேசிருங்கப்பா. லெஃப்ட்ல அவங்க ஒருத்தர்தான் பச்ச. அவங்க நின்னா போதும், நா புடிச்சுக்குவேன்." செயலியைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. இடது பக்கம் முழுவதும் சாம்பல். கடைசியில் ஒரே ஒரு பச்சை, சரோஜா. வலது பக்கமும் அப்படித்தான், ஒரே ஒரு பச்சை. அது நான். அம்மா இதில் சேர்ந்தபோது முதலில் பதிந்த ஆள் நான்தானே. என் பெட்டியையும் நான் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மாதத்தின் கடைசி நாள், விடுப்பு எடுத்துக்கொண்டு பழைய ரோட்டிலேயே போனேன். கம்பார், தாப்பா, பீடோர். சரோவும் அம்மாவும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். தோட்டத்தை விற்றபோது கொடுத்த வீட்டில்தான் சரோ இன்னும் இருக்கிறாள். பள்ளிக் கேன்டீனில் வேலை. கதவைத் திறந்ததும் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். அம்மா எப்போதும் எனக்குப் பின்னால்தான் காரிலிருந்து இறங்குவாள்.

உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டிகள், சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே ஒரு துணி விரித்து, அதன்மேல் மின்விசிறி. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"குடிக்கறது இல்லயா, சரோ?"

"எனக்கு இனிப்புநீர்லா அண்ணே. ஒரு கரண்டி போட்டா சக்கர ஏறி தல சுத்தும்."

"அப்புறம் எதுக்கு மாசாமாசம் எடுக்கற?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நா நிறுத்துனா விஜிக்கு லெஃப்ட் கால் போயிரும். ரவி சொன்னாரு. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் அவளுக்கு ஏறுமாம்."

"விஜிதான் இல்லயே."

"பேரு இருக்குல்ல. பச்சயா இருக்குல்ல. யாரு கட்டுறான்னு எனக்குத் தெரியாதா? அண்ணே இவ்ளோ செய்யறாரு, செத்துப்போனவளுக்கு நா ஒரு பெட்டி எடுக்கக் கூடாதா?"

நான் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "நீ விடாம எடுக்கறியேன்னுதான், சரோ, நா விடாம கட்டுறேன். அவ சாம்பலாயிட்டா நீ எடுத்த புள்ளி வீணாப் போயிருமோன்னு."

எனக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த சரோ கரண்டியைக் கீழே வைத்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை. "என்னாலா அண்ணே இது. ரெண்டு கிறுக்கும் சேந்து ஒரு பொணத்துக்கு சத்துமாவு வாங்கியிருக்கோம்." பிறகு சிரிப்பு நின்றது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

இதைத்தான் நான் கணக்காகப் பார்த்தேன், தம்பி. இடது பக்கம் சரோ ஒரு பெட்டி. வலது பக்கம் நான் ஒரு பெட்டி. அம்மாவின் பெயரில் தகுதிக்காக இன்னொரு பெட்டி. மூன்று பெட்டிக்கு ஒரே ஒரு ஜோடி. அந்த ஜோடிக்கு இறந்தவளின் கணக்கில் விழுந்தது ஒரு பெட்டியின் விலையில் சிறு துண்டு. மீதி மேலே போனது. ரவியின் ஒரு பக்கம் முழுவதும் அம்மா வழியாக ஓடுகிறது. அம்மா பச்சையாக இருந்தால்தான் கம்பெனி அவனுக்குக் கொடுத்த பட்டம் நிற்கும். அவனைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு உன் பையை எடுத்து வைக்க அவன் கார் பின்பெட்டியைத் திறந்தபோது பார்த்தாயா? பிரிக்காத பெட்டிகள். பைக்கே இடமில்லை. அவனுக்கு மேலேயும் யாரோ இருக்கிறார்கள். அவனும் மாதாமாதம் பெரட்டில் நிற்கிறான்.

என் அலமாரியில் பிரிக்காத பெட்டிகள். சரோ கட்டிலோரம் பிரிக்காத பெட்டிகள். ரவி காரில் பிரிக்காத பெட்டிகள். எந்தக் கம்பெனி வந்து எந்த வட்டத்தை வரைந்தாலும் நீ ஒரு கேள்வி கேள். இதைக் குடிப்பது யார்? இந்த மரத்தில் இல்லாத ஒருவர், யார் முகத்துக்காகவும் இல்லாமல், பிடித்துப்போய்க் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் குடிக்கிறாரா? அப்படி ஆள்கள் இருந்தால் அது வியாபாரம். இல்லையென்றால் கீழே நிற்பவர் கட்டும் காசுதான் கமிஷன் என்ற பெயரில் மேலே ஏறுகிறது. "பத்து வருசம் கழிச்சு நா தூங்குனாலும் காசு வரும்," என்றாய். அப்போது தூங்காமல் இருக்கப்போவது யார் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். அது சரோ அத்தையாக இருக்கும்.

ஈப்போவில் கம்பெனியின் கடை ஆறு மணிக்கு மூடும். அதோடு மாதம் முடியும். நாங்கள் சரோவின் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அம்மாவின் போன். ஐந்தரைக்கு ரவி கூப்பிட்டான்.

"அண்ணே, அக்கா பேர்ல இன்னும் எடுக்கலயே. மறந்துட்டீங்களா?"

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். சரோ போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ரவி, நா சரோ பேசறேன். அவ செத்து ரெண்டு வருசம் ஆவுதுய்யா. லீவு குடு அவளுக்கு."

  "சரிக்கா," என்றான் ரவி. குரல் இறங்கியிருந்தது. "அப்ப எனக்கும் இந்த மாசம் போச்சுலா." வைத்துவிட்டான். அவன் சொன்னதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

ஆறு மணி ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஏதோ வீட்டில் வடை சுடும் வாசனை. சரோ எழுந்து அரிசி களைந்தாள். "சாப்ட்டுட்டு போங்கண்ணே," என்றாள். மறுநாள் காலையில் செயலியைத் திறந்தபோது அம்மா மற்றவர்களின் நிறத்தில் இருந்தாள்.

இதை உன்னிடம் கேட்காமல் செய்தேன். நீ கோபப்படலாம். ஆனால் கதவை நான் பூட்டிவிடவில்லை. நிறம் போனாலும் மூன்று மாதம் அந்த இடம் காத்திருக்கும் என்று விதியில் இருக்கிறது. அதற்குள் நீ கையெழுத்துப் போட்டு ஒரு பெட்டி வாங்கினால் அம்மா இருந்த இடத்தில் உன் பெயர் வந்துவிடும். உன் அலுப்பு பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து சிங்கப்பூர் போகும் பாலம் தாண்டி, இருட்டியபின் திரும்பி, யாரோ ஒருவரின் இயந்திரத்துக்குக் காவல் இருக்கிற வாழ்க்கை. அதை விட வேண்டுமென்றால் விடு. வீட்டுக்கு வா. உன் அறை இருக்கிறது. ஆனால் அம்மாவின் வட்டத்துக்குள் போய் உட்காராதே. அங்கே அவள் இல்லை. நான் இரண்டு வருடம் போய்ப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சரோவிடமும் சொல்லவில்லை.

உறுப்பினரின் பிறந்தநாளன்று, அவரைச் சேர்த்தவரின் பெயரில் கம்பெனி வாழ்த்து அனுப்பும். சேர்த்தவர் பச்சையாக இருந்தால் மட்டும். "என் குழுவில் நீங்கள் இருப்பது என் பாக்கியம். இனிய பிறந்தநாள்." கீழே அம்மாவின் பெயர். பக்கத்தில் மேடையில் எடுத்த படம், அடர்பச்சைப் பட்டு. சரோ தனக்கு வந்ததைக் காட்டினாள். "கம்பெனி அனுப்பறதுன்னு தெரியும்லா அண்ணே. ஆனா அவ கொரல்லதான் படிக்கறேன்," என்றாள். நான் தலையாட்டினேன். எனக்கும் இரண்டு முறை வந்திருக்கிறது. புள்ளி போய்விடும், சரோ வருத்தப்படுவாள், தம்பிக்கு இடம் வேண்டும் என்று நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் வருடத்தில் ஒரு காலை அந்தப் பெயரிலிருந்து போன் நடுங்கும். மாதாமாதம் நான் வாங்கியது அதைத்தான்.

உயிரோடு இருந்தபோது உன் அம்மா எனக்கு அப்படி எதுவும் சொன்னதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கேக்கா, கேசரியா?" என்பாள். அவ்வளவுதான்.

வருகிற மாதம் என் பிறந்தநாள். இந்த முறை வாழ்த்து வராது. நீ என்ன முடிவு எடுத்திருந்தாலும் சரி, அன்று காலை ஒருமுறை கூப்பிடு. கேக்கா கேசரியா என்று கேள்.

அப்பா